வற்றலுக்கு நட்ட ஆதொண்டை

எங்கள் வீட்டு வடக்கு வேலியில் ஓர் ஆதொண்டைக் கொடி நிற்கிறது. மாசி, பங்குனியில் வருகிறவர்கள் பூவைப் பார்த்துவிட்டு, "ஒரு கன்று கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். பூ இல்லாத மாதத்தில் வருகிறவர்கள் முள்ளைப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் வாசலில் நின்றே பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வற்றல், வடகம், ஊறுகாய் போட்டு விற்கிறவள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்குப் பக்கத்தில் வீடு. செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. சுண்டைக்காய், மிதுக்கங்காய், மணத்தக்காளி, ஆதண்டங்காய் இந்த நான்கும் எங்கள் சரக்கு. (எழுத்தில் ஆதொண்டை, அடுப்படியில் ஆதண்டங்காய்.) முதல் மூன்றும் சந்தையில் கிடைத்துவிடும். நான்காவதை யாராவது காட்டுக்குள் புகுந்து பறித்துவந்தால்தான் உண்டு. எனக்குப் பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் காலமானபின் இரண்டு வருடம் அந்த வற்றல் போடவே முடியவில்லை. சரி, நாமே ஒன்று வைத்தால் என்ன என்று 2011இல் இறங்கினேன். வண்ணத்துப்பூச்சிக்காக நட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது. வற்றலுக்குத்தான் நட்டேன். பூச்சிகள் தாமாக வந்து பங்கு கேட்டன.

முதல் முயற்சியே கோணல். நகரத்து நாற்றுப்பண்ணை ஒன்றில் ஆதொண்டை என்று சொல்லி ஒரு கன்றைக் கொடுத்தார்கள். அதுவரை நான் காயைக் கூடைகூடையாகப் பார்த்திருந்தேனே தவிர, செடியைக் கண்டதில்லை. நம்பி வாங்கிவந்து தண்ணீர் ஊற்றினேன். சில மாதங்களில் இளஞ்சிவப்பாகக் கொத்துக்கொத்தாகப் பூத்தது. தெருவே மெச்சியது. பிறகுதான் தெரிந்தது, அது மெக்சிகோவிலிருந்து வந்த கொடிரோஜா என்று. அழகுக் கொடிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஆதண்டங்காய் எந்த ஜென்மத்திலும் காய்க்காது. அதை வேரோடு ஒழிக்க மேலும் ஒரு வருடம் ஆனது; கிழங்கில் ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி துளிர்த்துவிடும்.

ஆகவே முதல் பாடம், செடியை அடையாளம் கண்டுகொள்வது. ஆதொண்டையின் இளந்தண்டும் தளிரும் துரு ஏறியதுபோலச் செம்பழுப்பாக இருக்கும். அதன்மேல் மெல்லிய பஞ்சுப்பொடி படர்ந்திருக்கும். இலை முற்றியபின் பச்சையாக, வழவழப்பாக, சற்றுத் தடிமனாக மாறிவிடும். இலைக்காம்பின் அடியில் பூனை நகம் போன்ற முள், இரண்டிரண்டாக, பின்பக்கம் வளைந்து நிற்கும். இந்த முள்ளுக்கு ஒரு குணம் உண்டு: கையை உள்ளே விடும்போது பேசாமல் இருக்கும், வெளியே எடுக்கும்போதுதான் பிடித்துக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். கையை மறுபடி உள்ளே தள்ளி, முள்ளை விலக்கி, அப்புறம் எடுங்கள்.

பூவைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. மொட்டுகள் கொத்தாக இருக்காது. இலைக்குச் சற்று மேலே தண்டையொட்டி ஒன்றன்மேல் ஒன்றாக, சட்டையில் பொத்தான் தைத்ததுபோல வரிசையாக நிற்கும். நான்கு வெள்ளை இதழ்கள். மேலிதழ் இரண்டின் அடியில் மஞ்சள் திட்டு. நடுவிலிருந்து விரல் நீளத்துக்கு நாற்பது இழை வெளியே தெறித்து நிற்கும். நேரம் ஆக ஆக எல்லாம் சிவந்து, வாடும்போது ஏறத்தாழ ஊதா. ஒரே கிளையில் இன்று மலர்ந்தது வெள்ளையாகவும் நேற்று மலர்ந்தது ரோஜா நிறமாகவும் இருக்கும். கன்று கேட்கிறவர்கள் மயங்குவது இந்த இடத்தில்தான்.

தாவரவியல் பெயர் கப்பாரிஸ் ஜெய்லானிக்கா. இலங்கையின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இது நம் நாட்டு வறண்ட காடுகளுக்கும் புதர்களுக்கும் சொந்தமான கொடி. மகாராஷ்டிரத்தில் வாகாட்டி என்கிறார்கள். ஆடி மாத ஏகாதசி விரதம் முடித்து மறுநாள் துவாதசியன்று அதன் காயைச் சமைத்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். நம் பக்கத்தில் தொண்டைமண்டலம், தொண்டைமான் என்ற பெயர்களையே இந்தக் கொடியோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அந்த ராஜாக்கள் மாலையாகச் சூடிய தொண்டைக்கொடி ஆதொண்டை அல்ல, கோவைக்கொடி என்று வாதாடுகிறவர்களும் உண்டு. நான் ஆதொண்டைக் கட்சி. ராஜா கழுத்தில் போட்டுக்கொள்கிற மாலைக்கு முள் இருந்தால்தான் பொருத்தம்.

விதைக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் கோயில்காடுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அய்யனாரின் காட்டில் ஒரு சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. சுற்றிலும் தைலமரம் வந்தபிறகும் அந்தத் துண்டுக் காடுகள் தப்பித்து நிற்பது அந்தப் பயத்தால்தான். 2012 ஆடியில் அப்படி ஒரு காட்டின் பூசாரியிடம் போய்க் கேட்டேன். "கீழே விழுந்ததை எடுத்துக்கொள் தாயி, கொடியில் கை வைக்காதே" என்றார். ஆறு பழம் கிடைத்தது. நெல்லிக்காயைவிடப் பெரியது, எலுமிச்சைக்குச் சற்றுச் சிறியது. செக்கச்செவேல் என்று, சொரசொரத்த தோலுடன். இரண்டைப் பறவை ஏற்கெனவே கொத்தியிருந்தது.

பழத்தைப் பிளந்தால் வழவழவென்ற சதைக்குள் விதைகள் நெருங்கிக் கிடக்கும். நாற்றம் கொஞ்சம் குமட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சதையை அப்படியே விட்டு விதைத்தால் எறும்பு மோப்பம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. காலையில் பார்த்தால் பை முழுக்க ஓட்டை. அதனால் சாம்பல் போட்டுப் பிசைந்து, தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, நிழலில் ஒருநாள் உலர்த்துங்கள். அந்த வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். டப்பாவில் போட்டு அடுத்த வருடத்துக்கு என்று வைக்கிற விதை இது அல்ல. நான் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை.

இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம். பை ஒரு சாண் ஆழத்துக்குக் குறையக் கூடாது. முளைத்த நாளிலிருந்தே மேலே வளர்வதைவிடக் கீழே வேர் விடுவதில்தான் இதற்கு அக்கறை. குட்டைப் பையில் போட்டால் வேர் சுருண்டு, கன்று குன்றிப்போகும். அரை அங்குல ஆழத்தில் பைக்கு இரண்டு விதை. மண் ஈரமாக இருந்தால் போதும், சொதசொதப்பு வேண்டாம். மூன்று வாரத்தில் முளைத்ததும் உண்டு, ஆறாவது வாரம் முளைத்ததும் உண்டு. நாற்பது விதையில் எனக்குப் பத்தொன்பது வந்தது. பதியன், போத்து எல்லாமும் செய்து பார்த்தேன். பென்சில் பருமனில் வெட்டி மணலில் ஊன்றிய பத்துப் போத்தில் இரண்டுதான் வேர் பிடித்தது. விதையே மேல்.

நடும் இடத்தை நிதானமாக யோசித்துத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்ற முடியாது. நடைபாதை, குழாயடி, துணி உலர்த்தும் கயிறு, பிள்ளைகள் பந்து விளையாடும் மூலை, இவற்றிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி வையுங்கள். வேலிக்கு உள்பக்கமாக நட்டால் தெருவில் போகிறவர்களின் புடவை பிழைக்கும். வெயில் வேண்டும், அரைநாள் வெயில் கிடைத்தாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் பூ குறையும். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகவே ஆகாது.

ஏறுவதற்கு ஒரு துணை கொடுக்க வேண்டும். பாகல் மாதிரிப் பற்றுக்கம்பி இதற்குக் கிடையாது, அவரை மாதிரிச் சுற்றிக்கொண்டும் ஏறாது. நீட்டிய கிளையை அடுத்த செடியின்மேல் சாய்த்து, முள்ளைக் கொக்கிபோல மாட்டி மாட்டித்தான் ஏறும். அதனால் வழுவழுப்பான இரும்புக் கம்பிப் பந்தல் இதற்குப் பிடிப்பதில்லை. கிளுவை வேலி, பூவரசு, வேம்பு, முதிர்ந்த நொச்சி, இப்படிக் கரடுமுரடான கிளை உள்ள எதுவும் தோது. பறிக்க ஏறவேண்டிய மரத்தில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். நான் அசட்டுத்தனமாக ஒன்றைப் பலாவின் அடியில் வைத்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஐப்பசி மழை இறங்கியதும் நடுங்கள். ஒன்றரை அடிக் குழி, இரண்டு கூடை தொழுவுரம், அவ்வளவுதான். செயற்கை உரம் எதுவும் தேவையில்லை. முதல் கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாம் கோடையில் மாதம் இரண்டு தடவை. அதற்குமேல் ஊற்றியதே இல்லை. ஆட்டுக்குத் தளிர் என்றால் உயிர். வளர்ந்தபின் ஆட்டையே விரட்டுகிற செடி, குழந்தைப் பருவத்தில் ஆட்டுக்குத் தீனியாகிவிடும். ஒரு வருடம் இலந்தை முள்ளை வெட்டிச் சுற்றிக் கட்டிவையுங்கள். முள்செடிக்கு முள்வேலியா என்று என் கொழுந்தனார் சிரித்தார். சிரிக்கட்டும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். முதல் வருடம் ஒரு முழம் வந்தால் பெரிது. இரண்டாம் வருடமும் சவலைப்பிள்ளை மாதிரியே நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் பலபேர் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். மூன்றாம் வருட மழையில் திடீரென்று வேலியைத் தாண்டி எட்டிப் பார்க்கும். எனக்கு முதல் பூ 2016 மாசியில். இப்போது அடித்தண்டு என் மணிக்கட்டைவிடப் பருமன். அதை வெட்ட அரிவாள் போதாது, கோடரி வேண்டும்.

புழு வந்தது அதற்கும் முன்னாலேயே. மூன்றாம் வருடம், கார்த்திகையில் மழைவிட்ட ஒரு காலை. துருநிறத் தளிர் ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஏதோ நின்றுகொண்டிருந்தது. என் கண்ணாடியைக் கழற்றி, அதையே பூதக்கண்ணாடியாகப் பிடித்துப் பார்த்தேன். முட்டை. படுக்கவில்லை, குடுவை மாதிரி நிமிர்ந்து நின்றது. மேலிருந்து கீழே நுண்ணிய வரிகள். ஒரு வாரத்தில் தளிரெல்லாம் ஓட்டை. இரண்டு வாரத்தில் வெறும் காம்பு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்துக் கரைசல் தயார் செய்து, தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

அன்று தெளிக்காமல் திரும்பியதற்கு ஒரு புழுதான் காரணம். சுண்டுவிரலைவிட நீளம், இலைப் பச்சை, உடம்பெல்லாம் நுண்ணிய புள்ளி. பக்கவாட்டில் தலைமுதல் வால்வரை ஒரு வெண்கோடு. நடு நரம்பின்மேல் நரம்போடு நரம்பாகப் படுத்திருந்ததால் நான் முதலில் கவனிக்கவில்லை. கிளையைத் தொட்டதும் முன்பாதியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மார்புப் பகுதி உப்பியது. கோட்டின்மேல் சிவப்பும் நீலமுமாகச் சிறு புள்ளிகள் விரிந்து, அசல் கண்கொத்திப் பாம்பு. நான் இரண்டடி பின்வாங்கிவிட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை. அறுபது கிலோ மனுஷியை அரைக் கிராம் புழு விரட்டிவிட்டது. அதே வேலியில் நிஜக் கண்கொத்திப் பாம்பும் இருக்கிறது. கொத்திப் பழகிய குருவி எதற்கு வீண் வம்பு என்று நகர்ந்துவிடாதா?

அந்தப் புழுவை மட்டும் கிளையோடு கொசுவலைக்குள் கட்டி வைத்தேன். இலைபோலவே ஒரு கூட்டுப்புழுவாக மாறியது. பிறகு ஒருநாள் காலையில் உள்ளங்கை அகல வெள்ளைப் பூச்சி ஒன்று வலைக்குள் படபடத்தது; முன்சிறகின் நுனி ஆரஞ்சு. கிரேட் ஆரஞ்சு டிப் என்று ஆங்கிலத்தில் சொல்கிற அது, வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பத்தில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சிறகை மூடி உட்கார்ந்துவிட்டால் காய்ந்த சருகுதான். இரண்டடி தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. அதன்பிறகு தெளிப்பான் பரணுக்குப் போனது.

ஏன் இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் மட்டும் ஆதொண்டையைத் தேடி வருகின்றன? ஒரு தளிரைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். கடுகு அரைத்த நெடி அடிக்கும். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், முருங்கை, ஆதொண்டை எல்லாவற்றிலும் குளுக்கோசினோலேட் என்ற ஒரே இனச் சத்து இருக்கிறது. இலை கடிபட்டவுடன் அது உடைந்து கடுகின் காரமாக மாறும். பெரும்பாலான பூச்சிகளுக்கு அது நஞ்சு. இந்தக் குடும்பத்துப் புழுவின் குடலில் மட்டும் அந்தக் காரம் உருவாகவிடாமல் வேறு வழியில் திருப்பிவிடும் ஒரு புரதம் இருக்கிறது. மற்றவர் கிட்ட நெருங்காத சாப்பாடு இதற்குத் தனிப் பந்தி. அந்தச் சத்துதான் தாய்ப்பூச்சிக்கு முகவரியும். அது இலையில் வந்து உட்கார்ந்ததும் முன்னங்காலால் படபடவென்று தட்டும். காலால்தான் சுவை பார்க்கிறது. சரியான செடி என்று தெரிந்தால் வயிற்றை வளைத்து முட்டை வைக்கும். இல்லையென்றால் பறந்துவிடும். மல்லிகையையும் ரோஜாவையும் எத்தனை வளர்த்தாலும் இந்தப் பூச்சி அங்கே முட்டையிடாது. வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்று பூச்செடிகளாகவே நட்டு வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தேன் குடிக்க எங்கே வேண்டுமானாலும் போகும். பிள்ளை பெற இந்த ஒரு குடும்பத்துச் செடிக்குத்தான் வரும். ஆதொண்டை இல்லாவிட்டால் அதன் உறவான மாவிலங்கமாவது இருக்க வேண்டும்.

எங்கள் வேலியில் இதுவரை ஐந்து வகையாவது பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சிறகில் கறுப்பு நரம்போடு தாழப் பறக்கும் காமன் கல், கூட்டமாக முட்டையிடும் பயனீர், தரையை ஒட்டித் தள்ளாடிக்கொண்டே போகும் சின்னஞ்சிறு சைக்கி. வெளிர்நீலத்தில் கறுப்புக் கோடு போட்ட காமன் வாண்டரர் தனி ரகம். அதன் பெண், எருக்கஞ்செடியின் இனத்தை உண்டு கசப்பேறிய வேறொரு பூச்சியைப்போல வேடம் போட்டுத் திரியும். எல்லோருக்கும் வேண்டியது தளிர்தான். முற்றிய இலையைச் சின்னப் புழுவால் கடிக்க முடியாது. ஆகவே மழைக்குப் பின் தளிர் விடும் நாட்களில்தான் கூட்டம்.

இலை மொட்டையானதைப் பார்த்துக் கலங்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வேர் பிடித்த ஆதொண்டை மூன்று வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும். ஏழு வருடம் தின்றும் என் கொடி ஒன்றும் சாகவில்லை. ஒரே ஒரு கவனம்: முதல் வருடக் கன்றில் புழு ஏறினால் அதற்கு நான்கே இலைதான் இருக்கும், அப்போது பெரிய கொடிக்குப் புழுவை மாற்றிவிடுங்கள், அல்லது கன்றுக்கு வலை கட்டுங்கள். இரண்டு மூன்று கொடியாக நட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தெளிப்பு எதுவும் கூடாது. இயற்கை மருந்துதானே என்று வேப்பெண்ணெயும் இஞ்சி பூண்டுக் கரைசலும் தெளிக்கிறவர்கள் உண்டு. இயற்கையாக இருந்தாலும் புழுவுக்குப் பகை பகைதான். பக்கத்துக் கத்தரிப் பாத்திக்குத் தெளித்தாலும் காற்றுத் திசையைப் பார்த்துத் தெளியுங்கள்.

புழுக்கள் எல்லாமே பூச்சியாவதில்லை. பத்தில் ஒன்று தேறினாலே அதிகம் என்பது என் கணக்கு. மற்றதை ஓணான் தின்னும், குளவி முட்டை வைக்கும், மிச்சத்தைக் கொண்டைக்குருவி கொத்திப்போய்க் குஞ்சுக்கு ஊட்டும். அந்தக் கொண்டைக்குருவியே இதே கொடிக்குள்தான் கூடு கட்டுகிறது. காகமும் பூனையும் எட்டாத முள்வீடு. தவிட்டுக்குருவிக் கூட்டம் மத்தியானத்தில் கச்சேரி வைப்பது இதன் அடியில். செம்போத்து ஒரு ஜோடி வருடா வருடம் வருகிறது. பூக்காலத்தில் தேன்சிட்டும், பெரிய கருவண்டும், தேனீயும் விடிந்ததிலிருந்து சுற்றும். பழுத்தால் அணில், கொண்டைக்குருவி, குயில். நான் இருபதடி நீள வேலியைத்தான் சொல்கிறேன், காட்டைச் சொல்லவில்லை.

பலாவுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. தென்னை, பலா, மா, முந்திரி என்று ஊரே படுத்துவிட்டது. எங்கள் பலா வேரோடு சாய்ந்தது. அதன்மேல் ஏறியிருந்த ஆதொண்டையும் கூடவே தரையில் விழுந்து, தண்டு பிளந்து கிடந்தது. பலாவை அறுக்க வந்தவர்கள் முள்ளைப் பார்த்துவிட்டுக் கூலியை இரண்டு மடங்கு கேட்டார்கள்; அவர்கள்மேல் தப்பில்லை. கொடியைத் தரைமட்டமாக வெட்டிவிட்டு மரத்தை எடுத்துப் போனார்கள். செத்தது என்றுதான் நினைத்தேன். தை பிறந்தபோது அந்த அடிக்கட்டையிலிருந்து ஏழெட்டுத் துருநிறக் குருத்து. அந்த மாசியில் வேலியோரக் கொடியும் இலை உதிர்ந்து பூக்காமல் நின்றதால், ஊரில் பசுந்தளிர் என்று இருந்தது ஏறக்குறைய அந்தக் கட்டை ஒன்றுதான். பயனீர் பூச்சிகள் அதை மொய்த்துக்கொண்டிருந்ததைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். கூரை ஓடு பாதி இல்லை, மின்சாரம் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது, பார்ப்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

அதிலிருந்து கவாத்துக்கு நான் பயப்படுவதில்லை. ஆனால் காலம் பார்த்துச் செய்ய வேண்டும். பழம் முடிந்த பிறகு, ஐப்பசி மழைக்கு முன்னால், அதாவது ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ. முழுதும் மொட்டையடிக்காதீர்கள், வேலியை மூன்றாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பாகம் வெட்டுங்கள். வெட்டிய பாகம் மழையில் தளிர் தரும், வெட்டாத பாகம் கூட்டுக்கு இடம் தரும். வெட்டுமுன் ஒரு தடவை உள்ளே உற்றுப் பாருங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். தோல் கையுறை இல்லையென்றால், நீளக் கம்பில் கட்டிய துறட்டியால் தள்ளி நின்று இழுத்து வெட்டுங்கள். வெட்டிய முள்ளை வழியில் போடாமல் அடுத்த கன்றுக்கு வேலியாக வைத்துவிட்டால் அந்த வேலையும் முடிந்தது.

காயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம். வைகாசி, ஆனியில், காய் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வந்ததும், உள்ளே விதை இறுகுவதற்கு முன் பறித்துவிட வேண்டும். நகத்தால் கீறினால் நகம் இறங்க வேண்டும், அதுதான் பதம். நான்காக நறுக்குங்கள். முற்றிய விதை இருந்தால் தட்டி எறியுங்கள். கல்லுப்பு போட்ட புளித்த மோரில் மூன்று நாள் ஊறட்டும். முதல் நாள் நெடி மூக்கைப் பிடுங்கும், மூன்றாம் நாள் அடங்கிவிடும். பிறகு பகலில் வெயிலில் உலர்த்தி, இரவில் அதே மோரில் திரும்பப் போட்டு, மோர் வற்றும்வரை இப்படியே. கடைசியில் சருகாகக் காய்ந்து, குலுக்கினால் கூழாங்கல் மாதிரிச் சத்தம் வரும். நல்லெண்ணெயில் கருகவிடாமல் பொரித்து வற்றல்குழம்பில் போட்டால், கசப்பும் புளிப்புமாக ஒரு கவளம் கூடுதலாக இறங்கும். சுண்டைக்காய்க் கசப்பு நாக்கின் நுனியோடு போய்விடும். இது தொண்டைவரை கூடவே வரும்.

எல்லாக் காயையும் பறிப்பதில்லை. கை எட்டுவது எனக்கு, எட்டாதது குருவிக்கு என்று வைத்திருக்கிறேன். ஏணி போட்டுப் பறித்தால் கூடுதலாக இரண்டு கிலோ தேறும், தெரியும். முழங்கால் வலிக்கும் இது தோதாகத்தான் இருக்கிறது.

போன வருடம் தெருக்கோடி வீட்டுக்கு ஒரு கன்று கொடுத்தேன். பத்து நாளைக்கு முன் அந்த வீட்டு மருமகள் பதறிக்கொண்டு வந்தாள். "அத்தாச்சி, நீங்கள் கொடுத்த செடியில் பச்சைப் பாம்புக் குட்டி!" என்றாள். போய்ப் பார்த்தேன். குட்டிக்கு இடப்பக்கம் எட்டுக் கால், வலப்பக்கம் எட்டுக் கால். கன்று சிறியது என்பதால் கிளையோடு நறுக்கி எங்கள் வேலிக்குக் கொண்டுவந்து கட்டிவிட்டேன். அந்தப் பெண்ணும் கூடவே வந்து, அது புது இலைக்கு ஏறும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த வருடம் பூ நன்றாக இருந்தது. ஆடியில் பழம் விழும். விதை வேண்டுபவர்கள் அந்த வாரத்திலேயே வாருங்கள், பிறகு வந்தால் கிடைக்காது. வரும்போது பை கொண்டுவாருங்கள், ஒரு சாணுக்குக் குறையாத பை.